மிளகு விரத நாட்களில் எடுத்த ஈ.சி.ஜி.

என் இதயம் ஒழுங்காகத் துடிக்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் மனைவி தெய்வானை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் நெஞ்சில் தலை வைத்துப் படுத்திருந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, உள்ளுக்குள்ள என்னமோ தடுமாறுது. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடுற ஆள் மாதிரி நாலு எட்டு ஓடுது, ஒரு எட்டு நிக்குது."

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டங்களில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். தெய்வானை இலங்கைத் தோட்டமொன்றில் பிறந்து, கப்பலேறி வந்து, இந்த மலையில் என்னைக் கட்டிக்கொண்டவள். அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவே இல்லை. நான் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். பத்தே நாளில், காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிவில் நடந்து கொண்டிருந்தவன் கண் இருண்டு விழுந்தேன். எழுபதுகள் முடியும் சமயம் அது. எனக்கு நாற்பத்தொரு வயது.

பெருமாள்மலைக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் நான் மேஸ்திரி. ஆட்களை மேய்ப்பதோடு எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, மழை அளப்பது. பங்களாவுக்குப் பின்னால் செம்பில் செய்த ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அளவைப் புத்தகத்தில் எழுத வேண்டும். எட்டரை என்றால் எட்டரைதான். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிடிவாதம் எனக்கு எப்படி வந்தது என்பது தெய்வானைக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வத்தலக்குண்டு போய்விட்டுக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தேன். பயத்தில் பதினேழு என்று ஒரு எண்ணை மனசறியப் பொய்யாக எழுதினேன். அந்த ஒரு நாள் மழையைப் பெய்ய வைத்தது நான்தான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்குக் கை கூசும்.

கொடைக்கானலில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் நாள் முழுக்க வெளிப்பெஞ்சில்தான். சுற்றிலும் கம்பளியும் மப்ளரும் சுற்றிக்கொண்டு இருமுகிறவர்கள். இருமாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான் என்பதே எனக்குப் பயமாக இருந்தது. தெய்வானை என் கையைத் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். என் நெஞ்சிலும் கை கால்களிலும் கம்பிகளைப் பொருத்தி ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுச் சொன்னார்:

"இதயத்துக்கு மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறைங்க. உங்களுக்கு மேல இருக்கிற அறை அப்பப்ப சுருங்கி விரியாம சும்மா நடுங்குது. அதனாலதான் கீழ துடிப்பு தாறுமாறா போகுது. இது வந்து வந்து போகுது. அடுத்த தடவை வரும்போது நீங்க சரிவுல நிக்காம பள்ளத்தோரமா நின்னீங்கன்னா?"

அதற்கு ஒரு மருந்து இருந்தது. குயினிடின். மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா எந்த மரப்பட்டையிலிருந்து வருகிறதோ அதே பட்டையிலிருந்துதான் இதுவும் வருகிறது. தாறுமாறாக ஓடும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும். ஆனால் சிலருக்கு அதே மருந்து இதயத்தை இன்னும் மோசமாக முறுக்கி நிறுத்தியும்விடும். யாருக்கு எது நடக்கும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

எதை அளப்பது என்பதையும் அவர் காட்டினார். ஈ.சி.ஜி. தாளில் ஒவ்வொரு துடிப்பும் ஒரு கூரான முனையாக எழும்பி, பிறகு ஒரு தாழ்ந்த மேடாக இறங்கி முடிகிறது. கீழ் அறைகள் வேலையைத் தொடங்கும் புள்ளியிலிருந்து இளைப்பாறி முடிக்கும் புள்ளி வரை உள்ள நீளத்துக்கு க்யூ-டி என்று பேர். மருந்து இந்த இளைப்பாறலை இழுத்துவிடும். கொஞ்சம் இழுத்தால் பரவாயில்லை. அரை விநாடியைத் தாண்டினால், அடுத்த துடிப்பு தவறான நேரத்தில் வந்து மோதி ஆளையே கொன்றுவிடலாம். தாளில் ஒரு சின்னக் கட்டம் என்பது விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. என் உயிர் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் கிடந்தது.

மருந்தை உடனே கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கொடுக்கவில்லை.

"அஞ்சு நாள் மருந்து இல்லாம அளக்கணும். உங்க அளவு தானா எவ்வளவு ஏறி இறங்குதுன்னு எனக்கு முதல்ல தெரியணும். அது தெரியாம மருந்தைக் கொடுத்துட்டா, தானா ஆடுற ஆட்டத்துக்கும் மருந்து மேல பழி போட்டுருவேன்."

இந்த மனிதர் நம்ம ஆள் என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றிவிட்டது.

தினமும் காலை பத்து மணிக்கு ஈ.சி.ஜி. அதற்கு முன் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஒரு துடிப்பை நம்பக் கூடாது என்று பத்துத் துடிப்புகளைக் கவராயத்தால் அளந்து சராசரி எடுப்பார்கள். இதயம் மெதுவாகத் துடித்தால் அந்த நீளம் இயல்பாகவே கூடும், வேகமாகத் துடித்தால் குறையும். அதனால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுத்து அதைச் சமன்செய்வார்கள். வர்க்கமூலம் எனக்குப் போட வரும் என்று தெரிந்ததும் டாக்டர் தன் பழைய அட்டவணைப் புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் என் கட்டிலிலேயே வைத்துவிட்டார். சொந்த இதயத்துக்குக் கணக்குப் போடுவது ஒரு மாதிரியான வேலை. பக்கத்துக் கட்டிலில் கிளாவரை கிராமத்துக் கருப்பையா அண்ணன் பூண்டு மூட்டையோடு வழுக்கி விழுந்து காலை உடைத்து, எடை கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தார். "தம்பி, இன்னிக்கு நீ பாஸா பெயிலா?" என்று தினமும் கேட்பார்.

இன்னொன்றும் செய்தார்கள். சிஸ்டர் ரெஜினா தாள்களைச் சேர்த்து வைத்து, தேதியைக் கத்தரித்துவிட்டு, பின்னால் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக் கலைத்துக் கொடுப்பார். எது எந்த நாள் என்று தெரியாமல்தான் டாக்டர் அளப்பார். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கே என் மேல நம்பிக்கை இல்லைங்க. மருந்து உங்களுக்கு நல்லது பண்ணணும்னு எனக்கு ஆசை இருக்கு. ஆசை இருக்கிற கை கவராயத்தை அரைக் கட்டம் தள்ளி வச்சிரும்."

எனக்கு என் பதினேழு நினைவுக்கு வந்தது.

நான் படுத்திருந்த நாட்களில் மழையை அளந்தது தெய்வானைதான். எட்டரைக்கு மழைமானியைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ் பிடித்துப் பத்து மணி ஈ.சி.ஜி. முடியும் நேரத்துக்கு வந்து நிற்பாள். ஐப்பசி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. சீட்டை என் கையில் கொடுத்து, "ஒங்க மழை இந்தாங்க" என்பாள். அந்தச் சீட்டுக்காகவே நான் விடிந்ததிலிருந்து காத்திருப்பேன். அவளுக்காக என்று சொல்ல வெட்கம்.

ஐந்து நாள் முடிந்து மருந்து ஆரம்பித்த அன்றுதான் கந்த சஷ்டியும் ஆரம்பித்தது. கால் வீக்கத்துக்காக ஏற்கெனவே சிறுநீர் பிரியும் மாத்திரை கொடுத்து வந்தார்கள். குயினிடின் வயிற்றைக் கொஞ்சம் இளக்கிவிட்டது. காதுக்குள் வண்டு ரீங்காரம் போட்டது. ஆனால் நெஞ்சு அடங்கியது. சரிவில் விழுந்த பிறகு முதல் தடவையாக என் இதயம் எனக்கே தெரியாமல் வேலை செய்தது.

மறுநாள் தெய்வானை மழைச் சீட்டை எடுக்க முந்தானையை அவிழ்த்தபோது, உள்ளே இன்னொரு முடிச்சும் அவிழ்ந்து மிளகு கொட்டியது. அவசரமாகப் பொறுக்கினாள். எனக்குத்தான் எதையும் எண்ணாமல் இருக்க முடியாதே. பதினெட்டு இருந்தது.

பழனிப் பக்கத்துக்காரனான எனக்கு அந்தக் கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சஷ்டியின் ஆறு நாளும் சோறு தண்ணி இல்லாமல், முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, ஆறாம் நாள் ஆறு என்று ஒரு கை தண்ணீரோடு விழுங்குவது மிளகு விரதம். மொத்தம் இருபத்தொன்று. மூன்று போயிருந்தது. கடுமையான வேண்டுதல் உள்ளவர்கள்தான் இதை எடுப்பார்கள். எடுத்தவள் வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பார்கள், கண்டுகொண்டவனும் கேட்கக் கூடாது.

"சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"வெள்ளனே சாப்ட்டுட்டுத்தாங்க பஸ் ஏறுனேன்."

அவள் போன பிறகு ஆஸ்பத்திரிச் சோறு வந்தது. தட்டைப் பார்த்தேன், எனக்கு இறங்கவில்லை. மழையில் நனைந்து மலையேறி மலையிறங்கி எனக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாள், நான் முருங்கைக்காய்ச் சாம்பார் ஊற்றிப் பிசைந்து தின்பதா? தட்டைக் கருப்பையா அண்ணன் பக்கம் நகர்த்தினேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, கால்தானே உடைந்தது வயிறு இல்லையே என்று வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான்கு நாட்கள் என் மூன்று வேளைத் தட்டும் அவருக்குத்தான் போனது. நான் வெந்நீரும் கடுங்காப்பியும் குடித்தேன். அவளோடு சேர்ந்து ஏதோ செய்கிறேன் என்ற நிம்மதி எனக்கு. முட்டாள்தனம் என்று இப்போது எழுத எளிதாக இருக்கிறது. அப்போது அது அன்பு என்றுதான் நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

மருந்தின் ஐந்தாம் நாள் சாயங்காலம் டாக்டர் என் கட்டிலருகே மேசை போட்டு, பத்து நாள் தாள்களையும் கலைத்துப்போட்டு அளந்தார். நான் வர்க்கமூலம் போட்டேன். எட்டுத் தாள்கள் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன. இரண்டு மட்டும் விலகி நின்றன. அதில் ஒன்று அரை விநாடியைத் தாண்டியிருந்தது. நான் மறுபடி போட்டேன், அதேதான் வந்தது. சிஸ்டர் ரெஜினா தன் நோட்டைத் திறந்து எண்களைப் பார்த்தார்.

"நேத்து, இன்னிக்கு, டாக்டர்."

டாக்டர் கவராயத்தை மூடி வைத்தார்.

"நல்லா சாப்பிடுறீங்கள்ல? ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கு. நீர் மாத்திரையும் வயித்துப்போக்கும் அதைக் குறைக்கும், சாப்பாடுதான் ஈடு கட்டும். அது குறைஞ்சாலும் இப்படி இழுக்கும். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்புறேன், ஆனா பதில் வர ரெண்டு நாள் ஆகும்."

"சாப்பிடுறேன் சார்."

அவர் சாப்பாட்டு அட்டையைப் பார்த்தார். எல்லா வேளையும் காலித் தட்டு என்று எழுதியிருந்தது.

"அப்ப மருந்துதாங்க காரணம். இப்பவே நிறுத்திடுறேன். இந்த மருந்து சாப்பிட்டவங்கன்னு இந்த நோட்டுல உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் இப்படி ஆகலை. இனிமே யாருக்கும் கொடுக்கிறதுக்கு முன்னாடி நான் ரொம்ப யோசிக்கணும். உங்களை நாளைக்கு மதுரைக்கு அனுப்பிப் பார்ப்போம்."

மருந்து இல்லையென்றால் பழையபடி சரிவில் விழுகிற நாட்கள். மருந்து இருந்தால் இந்த அரை விநாடி. நான் மிகவும் பயந்துபோனேன். அவ்வளவு பயத்திலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவள் விரதம் வெளியே வந்துவிடும், வேண்டுதல் பலிக்காது, நான் செத்துப்போவேன் என்று ஒரு கணக்கு. வர்க்கமூலம் போடத் தெரிந்தவன் போட்ட கணக்கு அது.

ஆறாம் நாள் தெய்வானை பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பன்னிரண்டுக்கு, முகம் வெளுத்து, முழங்கையில் சிராய்ப்போடு வந்தாள். சீட்டைக் கொடுத்தாள். எண் இருக்க வேண்டிய இடத்தில், "இன்று பார்க்கவில்லை" என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது.

"மழைமானிகிட்ட போயி தலை சுத்திருச்சு. அங்கனயே உக்காந்துட்டேன். எந்திரிச்சப்ப ஒம்பதரைங்க. ஊத்தி அளந்தும் பாத்தேன். ஆனா அது எட்டரைக் கணக்கு இல்லையே? அதான் எழுதல. கோவிச்சுக்காதீங்க."

ஏதோ ஒரு எண்ணை எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஐந்து நாள் பட்டினியில், ஒரு மழைக்கே அவள் பொய் எழுதவில்லை. நானோ என் உயிரை அளக்கிற மனிதரிடம் பொய் சொல்லி, கூடவே இனி வரப்போகும் யார் யாருக்கோ மருந்து இல்லாமல் செய்யப் பார்த்தேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன்.

"சிஸ்டர், டாக்டரை வரச் சொல்லுங்க. நான் நாலு நாளா சாப்பிடல."

டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், மிளகு உட்பட. கருப்பையா அண்ணன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். முதலில் வெடித்தது தெய்வானைதான்.

"நீங்க பொழைக்கணும்னுதானேய்யா நான் பட்டினி கெடந்தேன்! ஒங்கள யாரு கெடக்கச் சொன்னா? நான் சாமிகிட்ட உசுரு கேக்குறேன், நீங்க அங்கிட்டு அத உருவி விடுறீங்களா?"

"நீ பட்டினி கெடக்கையில எனக்கு எப்படி எறங்கும் புள்ள?"

அவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, அதே இடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து நிறுத்தாம இன்னும் ஒரு வேளை கொடுத்திருந்தா, இந்நேரம் இவங்க கிட்ட நான் என்ன சொல்லியிருப்பேன்?" என்றார் மெதுவாக. பிறகு சிஸ்டரிடம் பொட்டாசியம் மருந்தும் வாழைப்பழமும் கொண்டுவரச் சொன்னார். ரெண்டு பேருக்கும், என்றார்.

தெய்வானை மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். சாயங்காலம் சூரசம்ஹாரம் முடியாமல் பச்சைத் தண்ணி தொட மாட்டாளாம். போர்வைக்குள்ளிருந்து கருப்பையா அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"தாயி, ஒரு பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு மலையேறி வந்த சாமி அது. நீ பழம் திங்கிறதுக்கா கோவிக்கப் போகுது?"

அவள் முந்தானையில் மீதி இருந்த ஆறு மிளகையும் வாயில் போட்டு மென்றாள். பிறகு அந்தச் சின்ன மலைப்பழத்தை உரித்து, பாதியை ஒடித்து என் வாயில் வைத்தாள். நான் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் மறுபாதியைத் தின்றாள்.

பொட்டாசியம் மருந்து மாதிரி நாக்கைக் கெடுக்கிற ஒன்றை நான் குடித்ததில்லை. மதுரையிலிருந்து வந்த பதிலும் உப்பு குறைவு என்றே சொன்னது. ஒரு வாரத்தில் என் அளவு பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி ஐந்து நாள் மருந்தில்லாமல், பிறகு குறைந்த அளவு மருந்தோடு, தேதி கத்தரித்துக் கலைத்துப்போட்டு எல்லாம் முதலிலிருந்து நடந்தது. இந்தத் தடவை எந்தத் தாளும் விலகி நிற்கவில்லை. அந்த இரண்டு கெட்ட தாள்களைக் கிழித்துப் போட்டுவிடலாமே என்று டாக்டரிடம் கேட்டேன்.

"எதுக்குங்க? அளவு தப்பில்லை. அது மருந்தோட கணக்கு இல்லை, பட்டினியோட கணக்கு. அதையும் எழுதித்தான் வைக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மழைப் புத்தகத்தை எடுத்தேன். தெய்வானையின் சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொரு நாளாக எழுதினேன். ஆறாம் நாளுக்கு அவள் எழுதியதையே எழுதினேன். பிறகு பழைய பக்கத்தைத் தேடிப் பிடித்து, பதினேழை அடித்துவிட்டு, "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அளவு பார்க்கப் போயிருந்தோம். சிஸ்டர் ரெஜினா கையில் ஒரு புது அட்டை. மருந்து சாப்பிடுகிற எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்விகளை டாக்டர் அதில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். மயக்கம் வந்ததா, வயிற்றுப்போக்கு உண்டா, விரதம் ஏதாவது இருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்த சிஸ்டர் கடைசிக் கேள்வியில் நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அட்டையைப் பார்த்து நிதானமாகப் படித்தார்.

"உங்களுக்காக வீட்டில் யாராவது பட்டினி இருக்கிறார்களா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசல் பெஞ்சிலிருந்து தெய்வானையின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் சாப்ட்டோம்னு எழுதிக்கங்க சிஸ்டர்."